தட்டின் இடது பக்கம்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன ஆள் நான். போதாததற்குத் தலையில் வந்த நோய் வேறு. ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது மறந்துபோகிறது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

நடந்தது போன வருஷத்துக்கு முந்தின ஆடி மாசம், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில். வெள்ளிக்கிழமை. மாவிளக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தேன். சல்லடை இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்தேன், மறுபடியும் விழுந்தது. கை மரத்துப்போயிருக்கும் என்று உதறிவிட்டுக்கொண்டேன்.

என் மருமகள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மலைக்கோட்டைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. டிபன் டப்பாவை மூடிக்கொண்டே என்னிடம் ஏதோ கேட்டாள், நான் பதில் சொன்னேன். அவள் டப்பாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அத்தை, பேச்சு ஏன் குழறுது? என்னைப் பாத்துச் சிரிங்க."

"காலங்காத்தால என்னடி சிரிப்பு?"

"சும்மா சிரிங்களேன்."

சிரித்தேன். எனக்கு முழுச் சிரிப்புதான். அவளுக்குப் பாதிதான் தெரிந்திருக்கிறது. இடது பக்கம் வாய் அப்படியே தொங்கிவிட்டதாம். அடுப்பை அணைத்தாள், ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தாள். அதற்குள் அக்கம்பக்கம் கூடிவிட்டது. விளக்கெண்ணெய் தேய்க்கச் சொன்னார் ஒருவர். புறா ரத்தம் தடவினால் போதும் என்றார் இன்னொருவர். பச்சைமலைப் பக்கம் பக்கவாதத்துக்குப் பச்சிலை கொடுக்கிறவர் இருக்கிறார், அங்கே தூக்கிக்கொண்டு போ என்றார் மற்றொருவர். இவள் யாருக்கும் மரியாதைக் குறைவாகப் பதில் சொல்லவில்லை. "முதல்ல ஆஸ்பத்திரிங்க, மத்ததை வந்து பேசிக்கலாம்" என்றாள். ஆடி வெள்ளிக் கூட்டம் அம்மா மண்டபப் படித்துறையிலிருந்து ரோடு வரைக்கும் நின்றது. காவிரிப் பாலத்தில் வண்டி நகரவில்லை. ஆட்டோக்காரரை ஹாரன் அடிக்கச் சொல்லிக்கொண்டே, ஒரு கையால் என் தலையைத் தன் தோளில் அணைத்துப் பிடித்திருந்தாளாம். அந்தத் தோள் மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

தில்லை நகரில் ஒரு ஆஸ்பத்திரி. தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் வலது பக்கம் அடைப்பு. குழாய் வெடித்து ரத்தம் கசிந்தாலும் இதே மாதிரிதான் விழுவார்களாம், எது என்று தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாதாம். எனக்கு அடைப்புதான் என்று தெரிந்ததும், அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டார்கள். அந்த ஊசியை விழுந்த சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் பிரயோஜனமாம், ரத்தம் போகாத இடம் நிமிஷத்துக்கு நிமிஷம் செத்துக்கொண்டே வருமாம். "நேரத்தோட கூட்டிட்டு வந்தது யாரு?" என்று டாக்டர் கேட்டாராம். பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார்களா என்றும் கேட்டாராம். ஆடி வெள்ளிக்கு விரதம் என்றால் நான் மாத்திரைக்கும் விரதம்தான். அதற்கும் சேர்த்து அவள்தான் திட்டு வாங்கினாள்.

வலது பக்க மூளைதான் இடது பக்க உடம்பைப் பார்த்துக்கொள்கிறதாம். அதனால் எனக்கு இடது கையும் இடது காலும் போயிற்று. ஊசி போட்டதால் பேச்சு தெளிந்தது, காலும் கொஞ்சம் அசைந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் நிறையச் சொன்னார். இடது பக்கம் கவனம் குறைவாக இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாராம். விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் என்று என் மகன் எடுத்துக்கொண்டான். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். காலும் கையும்தான் நோய் என்று நினைத்தோம்.

என்னைப் பார்த்துக்கொள்ள மருமகள் வேலையை விட்டாள். மகனுக்குத் துவாக்குடியில் ஷிப்ட் வேலை, பேரன் கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறான், மகள் எடமலைப்பட்டி புதூரில் கட்டிக்கொடுத்த வீட்டில். ஆக, நாள் பூராவும் நானும் அவளும்தான். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பிசியோதெரபி அம்மா கொஞ்ச காலம் வந்து போனார். நான் தடியை ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் போதும் என்று நாங்களே நிறுத்திவிட்டோம்.

இனிமேல் சொல்வதை, அப்போது எனக்குத் தெரிந்தபடியே சொல்கிறேன்.

என் தட்டில் சோறு மட்டும் வர ஆரம்பித்தது. குழம்பு ஊற்றியிருக்கும். காய் இருக்காது. கேட்கக் கூச்சம். படுத்துக்கிடக்கிற கிழவிக்குக் காய் ஒரு கேடா என்று நினைத்துவிடுவாளோ என்று பேசாமல் சாப்பிட்டேன். சோறும் வரவரக் குறைந்தது மாதிரி இருந்தது. அவள் தட்டை எடுக்க வரும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். "போதுமா அத்தை?" என்பாள். வயிறு நிறையவில்லை என்று எப்படிச் சொல்வது? "போதும்" என்பேன். தலை வாரிக்கொண்டு உட்கார்ந்தால், வாரின தலையைத் திரும்ப வாருவாள். ஒருநாள் தூங்கி எழுந்தபோது பக்கத்தில் யார் கையோ கிடந்தது. அவள் கைதான் என்று வெடுக்கென்று தள்ளினேன். தோள்பட்டை சுரீர் என்று வலித்தபோதுதான் என் கை என்று தெரிந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, பயமாக இருந்தது.

காய் விஷயத்தை மட்டும் போனில் மகளிடம் சொன்னேன். பெற்ற பெண்ணிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். "உங்க அண்ணிகிட்ட கேட்காதே" என்றும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டாள். போனில் நன்றாகவே கேட்டிருக்கிறாள்.

இந்த நேரத்தில் வைகுண்ட ஏகாதசி வந்தது. சொர்க்கவாசல் சேவிக்க என் வீட்டுக்காரரின் தங்கை, என் நாத்தனார், துறையூரிலிருந்து வந்து தங்கினாள். என் வீட்டுக்காரர் காலமாகிப் பல வருஷம் ஆயிற்று, ஆனாலும் இவள் வராத ஏகாதசி கிடையாது. மறுநாள் துவாதசி. பட்டினி இருந்தவர்கள் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்துச் சாப்பிட்டுத்தான் விரதத்தை முடிக்க வேண்டும். நோயாளி என்று எனக்கு விரதம் இல்லை, இருந்தாலும் துவாதசிக் கீரை ஒரு வாயாவது பிரசாதம் மாதிரி சாப்பிட வேண்டும் என்று ஆசை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தவறினதில்லை.

அவர்கள் கூடத்தில் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். எனக்குக் கட்டிலுக்குத் தட்டு வந்தது. பார்த்தேன். சோறு இருந்தது, மோர்க்குழம்பு இருந்தது. கீரை இல்லை. நெல்லிக்காய்ப் பச்சடியும் இல்லை.

தட்டை எடுத்துப் போன பிறகு நாத்தனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்ணி, நல்லா சாப்பிட்டீங்களா?" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "துவாதசிக்குக்கூட எனக்குக் கீரை வைக்கலையே" என்றேன்.

அவ்வளவுதான். நாத்தனார் எழுந்து போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, ஒரு கரண்டிக் கீரை வைக்கவா உனக்கு மனசு வரல? எங்க அண்ணன் இருந்திருந்தா இந்த வீட்டுல இப்படி நடக்குமா?"

"வச்சேன் சின்னத்தை. தினமும்தான் வைக்கிறேன். அவங்கதான் தொடாம ஒதுக்கிடறாங்க" என்றாள் மருமகள். கழுவப் போட்ட தட்டைக் கையோடு எடுத்து வந்து காட்டினாள். கீரை அப்படியே இருந்தது போலிருக்கிறது.

நாத்தனார் தட்டைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டு முடிச்சப்புறம் கொண்டுபோய் வச்சா, தட்டுல இல்லாம எங்க போகும்?" என்றாள்.

என் மகன் அன்றைக்கு வீட்டில் இருந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "அம்மா, நீ சொல்லு. வச்சாளா, வைக்கலையா?"

"வைக்கல" என்றேன்.

அரங்கன் மேல் ஆணையாக அது பொய் இல்லை. நான் பார்த்ததைத்தான் சொன்னேன். அந்தச் சமயத்தில் மருமகள் முகம் எப்படி இருந்தது என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்க்கிறேன், வரவே மாட்டேன் என்கிறது. பின்னால் அவளிடமே கேட்டேன், நீ எங்கே நின்றாய் என்று. "உங்களுக்கு இடது கைப் பக்கம்தான் அத்தை, கட்டிலை ஒட்டி நின்னேன்" என்றாள்.

சாயங்காலம் பஸ் ஏறி முசிறிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என் மாத்திரைகளை வேளை வேளைக்குப் பிரித்து வைத்துவிட்டுத்தான் போனாள்.

நாத்தனாரும் ஊருக்குக் கிளம்பினாள். மகள் எடமலைப்பட்டி புதூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சமைத்தாள். வந்த முதல் நாள் வாழைக்காய்ப் பொரியல் செய்தாள். எனக்கு வாழைக்காய் உயிர். தாளிக்கிற வாசனை கட்டில் வரைக்கும் வந்தது. தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

சோற்றைப் பிசைந்துகொண்டே, "எனக்குப் பொரியல் இல்லையா?" என்றேன்.

"என்னம்மா, வச்சிருக்கேனே."

"உங்க அண்ணிதான் அப்படி. நீயுமாடி?"

அவள் சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "அம்மா, பொரியல் எங்க இருக்குன்னு காட்டு" என்றாள்.

"இருந்தாத்தானே காட்டறதுக்கு?"

அவள் என் வலது கையைப் பிடித்து, தட்டின் மேல் இடது பக்கமாக நகர்த்திக்கொண்டு போய் அழுத்தினாள். விரலில் சூடாகப் பட்டது. வாழைக்காய். கைக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. வெறும் இடத்திலிருந்து சூடு வந்த மாதிரி இருந்தது. நான் கையை உதறிக்கொண்டேன். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். "அண்ணியை நான் என்னென்ன பேசிட்டேன்" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாள் பழைய பிசியோதெரபி அம்மாவை வரச் சொன்னோம். அவர் நாங்கள் சொன்னதைக் கேட்டார். சோறு போட்ட தட்டை என் முன்னால் வைத்து, "எல்லாத்தையும் சாப்பிட்டு முடிச்சிட்டுச் சொல்லுங்க பாட்டி" என்றார். சாப்பிட்டு, முடிந்தது என்றேன். அவர் தட்டைப் பிடித்து அரை வட்டம் திருப்பினார்.

எங்கிருந்தோ சோறு வந்தது. பொரியல் வந்தது, அப்பளம் வந்தது. இப்போதுதான் யாரோ பரிமாறிவிட்டுப் போன மாதிரி, கை படாமல்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கின மட்டும் எழுதுகிறேன். என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. கண் பார்த்ததை வாங்கிக்கொள்கிற மூளையில், இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே கவனிக்கிற இடம் அடிபட்டிருக்கிறது. வலது பக்க மூளையில் பக்கவாதம் வந்தவர்கள் நிறையப் பேருக்கு இது இருக்குமாம். பாதித் தலை வாருவார்களாம், ஒரு கையில் மட்டும் சட்டையை மாட்டுவார்களாம், தன் கையையே யாருடையதோ என்பார்களாம். அதைச் சொன்னபோதுதான் நான் தள்ளிவிட்ட கையைப் பற்றி வாயைத் திறந்தேன்.

"கண்ணு தெரியாதவங்களுக்கு, தெரியலைன்னாவது தெரியும். உங்களுக்கு ஒரு பக்கம் விட்டுப்போகுதுன்னே தெரியாது பாட்டி. அதனால நீங்க பொய் சொல்லல, அவங்களும் பொய் சொல்லல" என்றார்.

அன்றைக்கே மகன் முசிறிக்குப் போனான். அவள் உடனே வரவில்லை. தை பிறந்த பிறகுதான் வந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு நேராக என் கட்டிலுக்கு வந்து, வலது பக்கமாகச் சுற்றி வந்து நின்றாள். நான் அழுதேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"உங்களுக்கு வந்தது வியாதின்னு பிசியோதெரபி அம்மா சொல்லிட்டாங்க அத்தை. அன்னைக்கு தட்டை என் கையில வச்சுக்கிட்டு நான் நிக்கிறேன், இவர் என்னை ஒரு வார்த்தை கேக்காம உங்களைக் கேட்டார் பாருங்க. அது என்ன வியாதி?"

என் மகன் வாசப்படியில் நின்றுகொண்டிருந்தான். அவள் கீழே வைத்த பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

அதற்குப் பிறகு அவள் செய்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. தட்டின் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு டேப் ஒட்டினாள். அந்தச் சிவப்பு கண்ணில் படுகிற வரைக்கும் கழுத்தைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும், பட்ட பிறகுதான் கையை வைக்க வேண்டும். கட்டிலைத் திருப்பிப் போட்டாள், வாசல் எனக்கு இடது பக்கம் வருகிற மாதிரி. வருகிறவர்கள் அந்தப் பக்கமிருந்துதான் பேச வேண்டும் என்று பிசியோதெரபி அம்மா சொல்லியிருந்தார். செத்துப்போன இடம் திரும்ப முளைக்காதாம். ஆனால் பக்கத்தில் இருக்கிற மூளை, பழக்கினால் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளுமாம். முதல் சில மாதங்களில் பழக்கினால் சீக்கிரம் வரும். அந்த மாதங்களைத்தான் நாங்கள் காய் வைத்தாயா, வைக்கவில்லையா என்று தொலைத்துவிட்டோம். அப்புறமும் வரும், மெதுவாக வரும் என்றார். எனக்கு மெதுவாகத்தான் வந்தது. இப்போது காலை வேளையில் தட்டு முழுசாகத் தெரிகிறது. சாயங்காலம் அசதி வந்தால் இடது பக்கம் மறுபடியும் காணாமல் போகிறது, சிவப்பைத் தேடித் திரும்புகிறேன். இடது கை ஒரு டம்ளரைப் பிடிக்கும், தூக்காது. நடை வாசல் வரைக்கும்தான்.

முன்பெல்லாம் என் மருமகள் கடையிலிருந்து வந்ததும் காலைக் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் உட்காருவாள். அன்றைக்குப் புடவை எடுக்க வந்தவர்கள் எப்படியெல்லாம் பேரம் பேசினார்கள் என்று பேசிக் காட்டுவாள். நான் சிரித்துச் சிரித்து இருமுவேன். இப்போது தட்டை வைத்துவிட்டு நின்றபடியே சொல்கிறாள். "அத்தை, வலது பக்கம் சாதம், இடது பக்கம் அவரைக்காய், அதுக்குக் கீழ துவையல்." நான் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினதும் சரி என்று உள்ளே போய்விடுகிறாள். அதற்கு மேல் ஒரு பேச்சு இல்லை. கோபம் இல்லை என்று அவள் சொன்னால் நம்புகிறேன். உட்கார மட்டும் மாட்டேன் என்கிறாள்.

நான் கெடுத்ததை நான்தானே சரிசெய்ய வேண்டும் என்று நாத்தனாருக்குப் போன் செய்தேன். வீட்டில் அப்போது யாரும் இல்லை. இந்த மாதிரி, இது மூளையில் வந்த கோளாறு, அவள் தினமும் எல்லாம் வைத்திருக்கிறாள், துவாதசிக் கீரையும் வைத்திருந்தாள் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன்.

நாத்தனார் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணி, அவ பக்கத்துல நிக்கிறாளா? ஆமான்னா 'ம்'னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

"யாரும் இல்லம்மா. நானாத்தான் பேசறேன்."

"புரியுது அண்ணி, புரியுது. உடம்பைப் பாத்துக்கோங்க" என்று வைத்துவிட்டாள்.

எங்கள் தெருவிலும் அப்படித்தான். மாமியாருக்குச் சோறு போடாதவள் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் அது வீடு வீடாகப் போகிறது. மூளையில் வலது இடது என்று நான் சொல்வது வாசப்படி தாண்டுவதில்லை. நான் சொல்லச் சொல்ல, பாவம், பயந்துபோய் மருமகளுக்குப் பரிந்து பேசுகிறாள் என்கிறார்கள். கோயிலுக்குப் போகும்போது அவள் இப்போது பின்தெரு வழியாகச் சுற்றிப் போகிறாள்.

அதனால்தான் இதை எழுதினேன். பெயர் யாருக்கும் போடவில்லை. எங்களைத் தெரிந்தவர்கள் படித்தால் யார் என்று தெரிந்துகொள்வார்கள், அது போதும். உங்கள் வீட்டில் பக்கவாதம் வந்து எழுந்தவர்கள் யாராவது தட்டில் பாதியை விட்டுவிட்டு, எனக்குப் போடவில்லை என்றால், யாரையும் கேட்கிறதுக்கு முன்னால் தட்டைத் திருப்பி வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிஷம் யாருக்கும் தோன்றாமல் போனதில் எனக்கு உயிரைக் கொடுத்தவளின் பேர் போயிற்று. அதைத் திருப்பி வாங்கிக்கொடுக்க எந்தப் பயிற்சியும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மூளையைப் பற்றி, ஊசியைப் பற்றி நான் எழுதினதெல்லாம் காதில் விழுந்ததுதான். தப்பு இருக்கும். போடுவதற்கு முன்னால் ஒரு டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாசம், நாள் முன்பின்னாக இருந்தால் அதையும் திருத்திவிடுங்கள். தட்டில் எல்லாம் இருந்தது என்பதை மட்டும் யாரிடமும் கேட்க வேண்டாம். அது நானே பார்த்தது.